மெயின் சுவிட்சுக்கு மேலே இருந்த ஆணி

என் பெயர் லெனோரா கீப்பிங். வயது 24. தகப்பனார் பெயர் ஹெட்லி கீப்பிங். நியூஃபவுண்ட்லாந்து தென்கரையில் ஷோல் டிக்கிள் ஊரில், கடலோரச் சாலையின் கடைசி வீட்டில், என் அப்பாவுடனும் அவருடைய அக்கா ட்ருசில்லா அத்தையுடனும் வசித்து வருகிறேன். தாயார் இல்லை. பட்டப்படிப்பு முடித்திருக்கிறேன். எங்கள் குடும்பத்தில் கல்லூரிக்குப் போன முதல் ஆள் நான்தான். சென்ற செப்டம்பர் முதல் ஊராட்சி அலுவலகத்தில் தற்காலிக எழுத்தராக வேலை செய்கிறேன்.

இன்று 2014 பிப்ரவரி 11, செவ்வாய்க்கிழமை. காலை பத்து மணிக்கு யாரும் அழைக்காமல் நானாகவே இந்த நிலையத்துக்கு வந்தேன். நான் சொல்லச் சொல்லக் காவலர் மெர்சர் தட்டச்சு செய்கிறார். இது என்னுடைய இரண்டாவது வாக்குமூலம். சம்பவம் நடந்த 6ஆம் தேதி மாலையில் முதல் வாக்குமூலம் கொடுத்தேன். அதில் கேட்ட கேள்விகளுக்கு மட்டும் பதில் சொன்னேன். அதில் பொய் எதுவும் இல்லை. ஆனால் கேட்காத ஒன்றைச் சொல்லாமல் விட்டேன். எனக்குப் புதியவர்களிடம் கோர்வையாகப் பேச வராது. அதனால் நடந்ததை நடந்த வரிசையில் சொல்கிறேன். இடையில் கேள்வி கேட்க வேண்டாம் என்று காவலரிடம் கேட்டுக்கொண்டேன். அவர் சரி என்றார்.

மின்வாரிய லைன்மேன் கிரெக் பர்ரிக்கு ஏற்பட்ட காயத்துக்கு என் அப்பாவின் அஜாக்கிரதைதான் காரணம் என்று அவர்மீது வழக்குப் போடப்போவதாக அறிகிறேன். அப்பா கொடுத்த வாக்குமூலமும் அப்படித்தான் சொல்கிறது. அது உண்மையல்ல. எது உண்மை என்று சொல்வதற்கு முன்னால் எங்கள் வீட்டின் மின்சார ஏற்பாட்டைச் சொல்ல வேண்டும்.

எங்கள் வீட்டுக்குப் பின்னால் இருபதடி தள்ளி அப்பாவின் கொட்டகை இருக்கிறது. வலை, படகு மோட்டார், விறகு, மண்ணெண்ணெய், பனி அள்ளும் இயந்திரம், ஜெனரேட்டர் எல்லாம் அங்கேதான். வீட்டிலிருந்து மண்ணுக்கடியில் ஒரு கேபிள் கொட்டகைக்குப் போகிறது. தெருக் கரண்ட் போய்விட்டால், இரண்டு முனையிலும் பிளக் உள்ள ஒரு வயரால் ஜெனரேட்டரைக் கொட்டகைச் சுவரில் உள்ள பெரிய பிளக் பாயிண்டில் செருகுவோம். கரண்ட் அதே கேபிள் வழியாகத் திரும்பி வீட்டுக்குள் வரும். இப்படிச் செய்யக் கூடாது என்று எனக்குத் தெரியும். எங்கள் கரையில் பாதி வீடுகளில் இப்படித்தான் செய்கிறார்கள் என்பதும் தெரியும்.

இதில் ஒரே ஒரு விதி. ஜெனரேட்டர் ஓடும்போது வீட்டின் மெயின் சுவிட்ச் கீழே இருக்க வேண்டும். மேலே இருந்தால் கரண்ட் வீட்டோடு நிற்காது. வெளியே போய்க் கம்பத்தில் ஏறும். கம்பத்தில் உள்ள டிரான்ஸ்ஃபார்மர் அதைப் பல மடங்கு பெருக்கி லைனுக்கு அனுப்பும். அந்த லைனில் கை வைத்திருப்பவருக்கு அது எங்கிருந்து வந்ததென்றே தெரியாது.

இந்த விதியை மறக்காமல் இருக்க ஒவ்வொரு வீட்டிலும் ஒரு வழி வைத்திருக்கிறார்கள். எங்கள் பக்கத்து வீட்டுக்காரர்களான பார்டி குடும்பத்தார் மெயின் கைப்பிடியில் ஒரு கையுறையை மாட்டிவிடுவார்கள். எங்கள் வீட்டில் ஆணியும் தொப்பியும். பின்பக்க அறையில் மெயின் சுவிட்சுக்கு மேலே ஒரு படகு ஆணி அடித்திருந்தது. மீன் ஆலையில் அப்பாவுக்குக் கொடுத்த ஆரஞ்சு நிறக் கம்பளித் தொப்பி ஒன்று உண்டு. மெயினைக் கீழே தள்ளியதும் அந்தத் தொப்பியை ஆணியில் மாட்டுவார். தொப்பி ஆணியில் இருந்தால் மெயின் கீழே. யார் மெயினைத் தூக்கினாலும் தொப்பியை எடுத்துத் தன் தலையில் போட்டுக்கொள்ள வேண்டும். தலையில் இருக்கிறவரை மறக்க முடியாது. கொட்டகைக்குப் போய் ஜெனரேட்டரின் கயிற்றை இழுப்பதற்கு முன்னால் அப்பா பின்பக்க அறையில் தலையை நீட்டி ஆணியைப் பார்ப்பார். ஆணியில் தொப்பி இல்லாவிட்டால், கத்தி ஆளைக் கூப்பிடுவார். எனக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து அப்படித்தான். ஒருமுறைகூடத் தவறியதில்லை.

சென்ற அக்டோபரில் அந்த ஆணியைப் பிடுங்கியது நான்.

ஊராட்சி அலுவலகத்தில் எனக்குக் கொடுத்த முதல் வேலை, குளிர்காலத்துக்கு வீட்டைத் தயார் செய்வது பற்றி ஒரு துண்டுப்பிரசுரம் எழுதுவது. புகைபோக்கி துடைப்பது, தண்ணீர்க் குழாய்க்குச் சாக்குச் சுற்றுவது, புயலுக்கு முன் வாளிகளில் நீர் பிடித்து வைப்பது, கூரைப் பனியை எப்போது தள்ளுவது எல்லாம் எழுதினேன். இவை எல்லாம் அப்பா வருஷா வருஷம் செய்வதைப் பார்த்து எனக்குத் தெரிந்தவைதான். அதில் ஜெனரேட்டருக்கென்று பதினொரு வரிகள் கொண்ட ஒரு பட்டியல் இருந்தது. இரண்டாவது வரி, மெயினைக் கீழே தள்ளவும். ஒன்பதாவது வரி, எரிபொருள் நிரப்பி மறுபடி ஓட்டுவதற்கு முன் மெயின் கீழே இருப்பதை மீண்டும் பார்க்கவும். அலுவலகத்தில் எல்லோருக்கும் அது பிடித்திருந்தது. நூற்று நாற்பது வீடுகளுக்கு அனுப்பினார்கள். ஏப்ரலில் என் வேலை நிரந்தரமாகும் என்று அந்த வாரம்தான் சொன்னார்கள்.

அதன் பிறகு ஒரு பிரதியைப் பெரிய எழுத்தில் அச்சிட்டு, பிளாஸ்டிக் உறை போட்டு, வீட்டுக்குக் கொண்டுவந்தேன். எங்கள் சுவிட்ச் பெட்டிக்குக் கதவு கிடையாது. கழன்றுபோய்ப் பல வருஷமாகக் கொட்டகையில் கிடந்தது. அதைத் தேடியெடுத்துத் துடைத்து மாட்டினேன். ஆணி இடித்ததால் கதவு சரியாக மூடவில்லை. ஆணியைப் பிடுங்கினேன். மூடிய கதவின்மேல் பட்டியலை ஒட்டினேன். அப்பா வந்து பார்த்தார். பட்டியலின் மேலிருந்து கீழே விரலை ஓட்டிக்கொண்டு போனார். எத்தனை வரி என்று கேட்டார். பதினொன்று என்றேன்.

"ரொம்ப அழகா இருக்கு பொண்ணே," என்றார். தொப்பியைத் தலையில் போட்டுக்கொண்டு வெளியே போனார்.

அதே வாரம் கொட்டகையிலும் எல்லாக் கேன்களிலும் பெயரெழுதி ஒட்டினேன். அதற்கு முன் அங்கே எழுத்தென்று எதுவும் கிடையாது. மண்ணெண்ணெய்க் கேனின் கைப்பிடியில் ஒரு வெட்டு, பெட்ரோலுக்கு இரண்டு வெட்டு, பழைய எண்ணெய்க்குக் கயிற்று முடிச்சு. அதைப் பார்த்து அப்பாவின் ஒழுங்கு அப்படி என்று நினைத்திருந்தேன். நான் எதையும் கூர்ந்து கவனிக்கிறவள் என்று ஆசிரியர்கள் சொல்வார்கள். அதனால் இதைச் சொல்கிறேன்.

6ஆம் தேதி நடந்தது பின்வருமாறு. முந்தைய நாள் மாலையிலிருந்து மழை பெய்தது. விழுந்த இடத்திலேயே கண்ணாடியாக உறைகிற மழை. எங்கள் ஊரில் அதை மினுக்கம் என்போம். காலை ஐந்தரைக்குக் கரண்ட் போனது. அத்தைக்கு நுரையீரல் நோய். மூச்சுக்காக வைத்திருக்கும் இயந்திரம் கரண்டில் ஓடுவது. கரண்ட் இல்லாத நேரத்துக்கு ஓர் ஆக்சிஜன் சிலிண்டர் உண்டு. அது ஒன்றரை மணி நேரம் வரும். ஆகவே அப்பா ஆறு மணிக்குள் மெயினைக் கீழே தள்ளிவிட்டு ஜெனரேட்டரை ஓட்டினார். மெயினைத் தள்ளியதை நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். அதன் பிறகு அப்பா பெட்டிக் கதவை மூடி, பட்டியலில் விரலை ஓட்டிவிட்டுப் போனார். அலுவலகம் மூடியிருந்ததால் நான் வீட்டில் இருந்தேன்.

பத்தரை மணிவாக்கில் கிரெக் பர்ரி எங்கள் வீட்டுக்குள் வந்தார். கதவைத் தட்டவில்லை. எங்கள் ஊரில் கதவைத் தட்டுகிறவர் வெளியூர்க்காரராகவோ போலீஸாகவோதான் இருப்பார். கிரெக் பக்கத்துக் குடாவைச் சேர்ந்தவர். வயது 31. எங்களுக்கும் பார்டி வீட்டுக்கும் நடுவில் ஒரு மரக்கிளை பனிப்பாரத்தில் முறிந்து லைனை அறுத்திருக்கிறது என்று சொன்னார். அறுந்த முனைக்கு இந்தப் பக்கம் எங்கள் வீடு ஒன்றுதான். அப்பா அவரை உட்கார வைத்தார். நான் டின் பால் ஊற்றி டீ போட்டுக் கொடுத்தேன், வெல்லப்பாகு ரொட்டியும் கொடுத்தேன்.

"ட்ருசில்லா அத்தை, மூச்சு இருக்கா?" என்று கிரெக் அறைப் பக்கம் பார்த்துக் கேட்டார்.

"உன்னைத் திட்டுற அளவுக்கு இருக்குடா," என்றார் அத்தை.

கிரெக் டீக் கோப்பையோடு பின்பக்க அறையில் நின்று என் பட்டியலைப் படித்தார். "அடேங்கப்பா. படிச்ச பொண்ணு இருக்குற வீட்டுல கரண்டுக்கே பாடம் எழுதிப் போட்டிருக்கு. ஹெட்லி மாமா, பரீட்சை எப்போ?"

"நான் எப்பவோ பாஸ்டா. நீதான் இன்னும் கம்பத்துல ஏறிட்டுத் திரியுற," என்றார் அப்பா. எல்லோரும் சிரித்தோம். நானும் சிரித்தேன்.

புறப்படும்போது கிரெக் வாசலில் நின்று கேட்டது இது: "மாமா, மெயின் கீழதானே?"

"கீழதான். நம்பலன்னா கதவைத் திறந்து பாத்துக்கோ."

"உன் வார்த்தை போதும் மாமா," என்று சொல்லிவிட்டு அவர் பூட்ஸை மாட்டிக்கொண்டு போனார்.

அப்போது மணி பத்து ஐம்பது. அப்பா சொன்னது உண்மை. அந்த நேரத்தில் மெயின் கீழேதான் இருந்தது. ஜெனரேட்டர் அப்போது முக்காமல் ஓடியதே, வீட்டில் விளக்கெல்லாம் சாதாரணமாக எரிந்ததே, அதற்குச் சாட்சி. மெயின் மேலே இருந்திருந்தால் ஜெனரேட்டர் பாரம் தாங்காமல் திணறியிருக்கும். இதை முக்கியமாக எழுதிக்கொள்ளும்படி கேட்டுக்கொள்கிறேன். கிரெக் மருத்துவமனையில் கண் விழித்ததும், ஹெட்லி மாமா என்னிடம் பொய் சொல்லிவிட்டாரே என்று சொன்னதாகக் கேள்விப்பட்டேன். அப்பா பொய் சொல்லவில்லை.

பதினொன்று பத்துக்கு அப்பா எரிபொருள் நிரப்புவதற்காக ஜெனரேட்டரை நிறுத்தினார். சூடான இயந்திரத்தில் பெட்ரோல் ஊற்றக் கூடாது என்பதால் இருபது நிமிஷம் ஆறவிடுவது அவர் வழக்கம். நான் அத்தையை சிலிண்டருக்கு மாற்றினேன். அப்பா கொட்டகையில் விறகு எடுத்து அடுக்கிக்கொண்டிருந்தார். பதினொன்றே காலுக்கு நான் பின்பக்க ஜன்னல் வழியாகப் பார்த்தேன். கிரெக்கின் வண்டி மேட்டில் நின்றிருந்தது. வண்டியின் எந்திரம் ஓடிக்கொண்டிருந்தது, லைன்மேன் நின்று மேலே போகும் கூண்டு கீழே இறங்கியிருந்தது. வேலை முடிந்துவிட்டது என்று நினைத்தேன். அவர் அப்போது லைனைச் சோதித்து, அதில் கரண்ட் இல்லை என்று உறுதி செய்துகொண்டு, மாற்றுக் கம்பி எடுப்பதற்காக இறங்கியிருந்தார் என்று பிறகு தெரிந்துகொண்டேன். அவர் சோதித்தபோது எங்கள் ஜெனரேட்டர் நின்றிருந்தது.

தெருக் கரண்ட் வந்துவிட்டதா என்று பார்ப்பதற்கு எங்கள் ஊரில் எல்லோரும் செய்வதை நான் செய்தேன். ஜெனரேட்டர் நின்றிருக்கும் நேரத்தில் மெயினை ஒரு நொடி தூக்கிப் பார்ப்போம். விளக்கு எரிந்தால் கரண்ட் வந்துவிட்டது. எரியாவிட்டால் திரும்பக் கீழே தள்ளிவிடுவோம். நான் பெட்டிக் கதவைத் திறந்து மெயினைத் தூக்கினேன். விளக்கு எரியவில்லை. அந்த நேரத்தில் அறையிலிருந்து அத்தை சுவரைத் தட்டினார். பேச மூச்சில்லாதபோது சுவரைத் தட்டுவது அவருக்கும் எனக்கும் உள்ள ஏற்பாடு. பெட்டிக் கதவைக் கையால் தள்ளி மூடிவிட்டு ஓடினேன்.

மெயினைத் தூக்கியது நான். திரும்பத் தள்ளாமல் போனதும் நான்.

சிலிண்டரின் குழாய் மூட்டு கழன்று காற்று வீணாகிக்கொண்டிருந்தது. அத்தையின் உதடு நீலமாக இருந்தது. மூட்டை இறுக்கி, அவரை நிமிர்த்தி உட்கார வைத்து, முதுகைத் தடவிக்கொண்டிருந்தேன். அவருக்கு மூச்சு சீரான பிறகு எனக்கு மெயின் நினைவு வந்தது. இதையும் சொல்ல வேண்டும். நினைவு வராமல் இல்லை. அத்தையின் அறைக் கதவு வழியாகப் பார்த்தால் சுவிட்ச் பெட்டி தெரியும். சரியாக அந்த நேரத்தில் அப்பா பின்பக்க அறைக்குள் வந்தார். ஆணி இருந்த இடத்தைப் பார்த்தார். பிறகு மூடிய கதவின்முன் நின்று பட்டியலில் விரலை வைத்து, மேலிருந்து கீழாக, நிதானமாகக் கடைசிவரை ஓட்டினார். அவசரப்படவில்லை. ஒன்பதாவது வரி அவருக்குச் சொல்லிவிடும், கதவைத் திறந்து பார்ப்பார் என்று நான் நினைத்தேன். அத்தையை விட்டு எழுந்திருக்க மனமில்லை. குரல் கொடுத்திருக்கலாம். வாயெடுத்தேன். பட்டியல் இருக்கிறதே என்று பேசாமல் இருந்துவிட்டேன்.

அப்பா கதவைத் திறக்கவில்லை. கொட்டகைக்குப் போனார். பதினொன்று முப்பத்திரண்டுக்கு ஜெனரேட்டர் ஓடத் தொடங்கியது. வழக்கத்தைவிடக் கனத்த குரலில் முக்கிக்கொண்டு ஓடியது. குளிர்ந்த பெட்ரோல் ஊற்றியதால் அப்படி என்று நினைத்தேன். ஒரு நிமிஷம்கூட ஆகியிருக்காது. மேட்டிலிருந்து வண்டியின் ஹாரன் சத்தம் கேட்டது. விடாமல் அடித்தது.

ஹாரனை அழுத்தியவர் கிரெக்குடன் வந்த பாஸில் ஸ்னுக். அடிபட்ட கிரெக்கைக் கூண்டோடு கீழே இறக்கியவரும் அவர்தான். கிரெக் மறுபடி மேலே போய் அறுந்த முனையைக் கையில் எடுத்திருக்கிறார். தரையோடு இணைக்கும் கம்பியை மாட்டுவதற்கு முன்னால் அது நடந்திருக்கிறது. கரண்ட் இடக்கை வழியாகப் பாய்ந்து கால் வழியாக வெளியேறியது என்று மருத்துவர் சொன்னதாகத் தெரிகிறது. நான் போர்வையோடு மேட்டுக்கு ஓடினேன். அவருடைய கையுறையிலிருந்து புகை வந்துகொண்டிருந்தது. அவர் என்னைப் பார்த்து, "லெனோரா, டீ நல்லா இருந்துச்சு," என்றார். அதற்குப் பிறகு பேசவில்லை. மதியத்துக்குமேல் ஹெலிகாப்டர் வந்து எடுத்துக்கொண்டு போனது. இரண்டு விரல்களை எடுத்துவிட்டதாகச் சனிக்கிழமை தெரிந்தது.

அவரைத் தூக்கிப் பார்டி வீட்டுக்குக் கொண்டுபோன பிறகு நான் வீட்டுக்கு வந்தேன். அப்பா ஹாரன் கேட்டதுமே ஜெனரேட்டரை நிறுத்தியிருந்தார். இப்போது பெட்டிக் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றார். மெயின் மேலே இருந்தது. அதைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். மெயினைக் கீழே தள்ளினார்.

"நீ அத்தைகூடவே இருந்த. இந்தப் பக்கம் வரவே இல்ல. விளங்குதா?" என்றார்.

அப்பா இதுவரை என்னை எதையும் மறைக்கச் சொன்னதில்லை. அதன் பிறகு அவரே கொட்டகைக்குப் போய், இரண்டு முனையிலும் பிளக் உள்ள வயரை எடுத்துவந்து, காவலர் வரும்வரை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அத்தைக்குப் பார்டி வீட்டிலிருந்து ஒரு சிலிண்டர் வந்தது. மாலையில் காவலர் என்னிடம், ஜெனரேட்டரை ஓட்டியது யார் என்று கேட்டார். அப்பா என்றேன். அப்போது நீ எங்கே இருந்தாய் என்று கேட்டார். அத்தையின் அறையில் என்றேன். மெயினைத் தொட்டாயா என்று யாரும் கேட்கவில்லை.

நேற்று, திங்கட்கிழமை, காவலர் மெர்சர் ஊராட்சி அலுவலகத்துக்கு வந்து, சுவிட்ச் பெட்டியில் இருந்த பட்டியல் நான் எழுதியதுதானா என்று உறுதி செய்துகொண்டார். அப்போது அப்பாவின் வாக்குமூலத்தை எனக்குக் காட்டினார். அதில் அப்பா சொல்லியிருந்தது: கரண்ட் வந்துவிட்டதா என்று பார்க்க நானே மெயினைத் தூக்கினேன். பிறகு என் மகள் எழுதிய பட்டியலை வழக்கம்போல் படித்தேன். மெயினைக் கீழே தள்ளச் சொல்லும் ஏழாவது வரியை மட்டும் கவனிக்காமல் விட்டுவிட்டேன்.

காவலர் அதைச் சாதாரணமாகப் படித்துக் காட்டினார். பட்டியலின் ஏழாவது வரி, பெட்ரோல் கேனை இறுக மூடி ஜெனரேட்டரிலிருந்து பத்தடி தள்ளி வைக்கவும் என்பது. மெயின் என்ற சொல் இரண்டாவது வரியிலும் ஒன்பதாவது வரியிலும் மட்டும் வருகிறது. பதினொன்றில் ஏதோ ஓர் எண்ணை அப்பா சொல்லியிருக்கிறார்.

அதன் பிறகு எனக்கு அலுவலகத்தில் வேலை ஓடவில்லை. செய்தித்தாளை அப்பா படம் உள்ள பக்கங்களில் மட்டும் நிறுத்திப் பார்ப்பார். வீட்டுக்கு வரும் கடிதங்களை, கண்ணாடி கொட்டகையில் இருக்கிறது, நீ படி என்பார். எனக்குப் பட்டம் கொடுத்த நாளில் அரங்கத்தில் கொடுத்த பெயர்ப் பட்டியலை இரண்டு மணி நேரம் திறந்தபடியே கையில் வைத்திருந்தார். பக்கத்து இருக்கைக்காரரிடம், என் மகள் பெயர் எந்தப் பக்கத்தில் என்று கேட்டார். கண்ணாடி அப்போது சட்டைப்பையில் இருந்தது. நான் மேடையிலிருந்து அதைப் பார்த்தேன். பதற்றம் என்று நினைத்தேன்.

மாலையில் வீட்டுக்குப் போய் அத்தையிடம் கேட்டேன். அப்பா அப்போது வீட்டில் இல்லை. அத்தை மூச்சுக் குழாயைச் சரிசெய்துகொண்டார்.

"எட்டு வயசுல படகேறிட்டான்டி. அவனுக்கு ரெண்டு பேர்தான் எழுத வரும். ஒண்ணு அவன் பேரு. இன்னொண்ணு உன் பேரு. ரெண்டும் நான் சொல்லிக் குடுத்தது. உன் பேரை நீ பொறந்த வாரம் உக்காந்து பழகுனான். மேசை பூராவும் கிறுக்கி வெச்சான்," என்றார். பிறகு, "உனக்குத் தெரியும்னு நெனச்சேன். எல்லாத்தையும் பாக்குறவளாச்சே," என்றார்.

இன்று காலை ஏழரைக்கு அப்பா வாசல் படிகளில் உறைந்த பனிமேல் அடுப்புச் சாம்பலைத் தூவிக்கொண்டிருந்தார். நான் வெளியே போய், காவல் நிலையத்துக்குப் போகிறேன் என்றேன். எதற்கு என்று அவர் கேட்கவில்லை.

"கிரெக்குக்கு விரல் போச்சு. யாராவது ஒருத்தர் பதில் சொல்லணும். நான் சொல்லிட்டேன். ஏப்ரல்ல உனக்கு வேலை நிரந்தரமாகுது. விடு," என்றார்.

நான் அவரிடம், கிரெக் உன்னைப் பொய்யன் என்று நினைத்துக்கொண்டு படுத்திருக்கிறார், நீ அவரிடம் பொய் சொல்லவில்லை, அதை யாராவது சொல்ல வேண்டாமா என்று கேட்டேன். அவர் இன்னும் இரண்டு படிக்குச் சாம்பல் தூவினார்.

"அதைச் சொன்னா அந்த இன்னொண்ணையும் சொல்லியாகணுமே," என்றார்.

ஆமாம் என்றேன். வாளி காலியாகும்வரை தூவினார். ஏற்கெனவே தூவிய படியிலும் தூவினார். எனக்காகக் கண்ணாடியைத் தேடுவதுபோல் அவர் பாவனை செய்த நாட்கள் எத்தனை என்று நான் எண்ணிப் பார்த்தேன், எண்ண முடியவில்லை. இதை எழுத வேண்டியதில்லை என்று காவலர் மெர்சர் இப்போது சொன்னார். எழுதச் சொல்லிக் கேட்டுக்கொண்டேன். கடைசியில் அப்பா தலையிலிருந்த ஆரஞ்சுத் தொப்பியைக் கழற்றி என்னிடம் நீட்டினார்.

"மெயினத் தூக்குனவங்கதானே போட்டுக்கணும். போட்டுட்டுப் போ, காத்து அடிக்குது," என்றார்.

அந்தத் தொப்பி இப்போது என் தலையில் இருக்கிறது. சான்றுப் பொருளாக வேண்டுமென்றால் படம் எடுத்துக்கொள்ளலாம். ஆனால் திருப்பிக் கொடுக்க வேண்டும். அந்த வயரைக் காவலர்கள் எடுத்துச் சென்றுவிட்டதால் இனி அதில் ஜெனரேட்டரை ஓட்டப் போவதில்லை. அத்தையின் இயந்திரத்துக்கு மட்டும் கொட்டகையிலிருந்து நேராக ஒரு வயர் இழுத்திருக்கிறோம். இருந்தாலும் நேற்றிரவே பெட்டிக் கதவைக் கழற்றிக் கொட்டகையில் வைத்துவிட்டேன். பழைய துளையிலேயே ஆணியை அடித்துவிட்டேன்.

இன்னொன்று. என் துண்டுப்பிரசுரம் நூற்று நாற்பது வீடுகளில் இருக்கிறது. எத்தனை வீடுகளில் ஆணியையும் கையுறையையும் எடுத்துவிட்டு அதை ஒட்டினார்கள், எத்தனை பேர் அதன்மேல் விரலை ஓட்டிவிட்டுக் கொட்டகைக்குப் போகிறார்கள் என்று எனக்குத் தெரியாது. நான் அதை எழுதியபோது யாரிடமும் கேட்கவில்லை. நாளை முதல் வீடு வீடாகப் போய்க் கேட்கப்போகிறேன். அலுவலகம் என்னை வைத்துக்கொண்டாலும் வைத்துக்கொள்ளாவிட்டாலும் போவேன். கதவைத் தட்டாமல் உள்ளே போவேன்.

கிரெக் பர்ரிக்கு ஏற்பட்ட காயத்துக்கு என் அப்பா பொறுப்பல்ல. மெயினைத் தூக்கிவிட்டு மறந்ததற்கும், நினைவு வந்த பிறகு குரல் கொடுக்காததற்கும் நானே பொறுப்பு. அதற்கு என்ன நடவடிக்கை எடுத்தாலும் ஏற்றுக்கொள்கிறேன்.

மேலே தட்டச்சு செய்திருப்பதை நானே முதலிலிருந்து கடைசிவரை இரண்டு முறை படித்துப் பார்த்தேன். நான் சொன்னபடியே இருக்கிறது. எல்லாம் உண்மை. யாரும் மிரட்டியதாலோ ஆசை காட்டியதாலோ நான் இதைச் சொல்லவில்லை.

என் அப்பாவின் வாக்குமூலமும் இதே போன்ற ஒரு வரியோடுதான் முடிகிறது. மேற்கண்டதைப் படித்துப் பார்த்தேன், சரியாக இருக்கிறது என்று அதில் இருக்கிறது. அதன் கீழே அவர் கையெழுத்துப் போட்டிருக்கிறார். கையெழுத்து அவருடையது. அந்த வரி உண்மையல்ல. அந்தக் காகிதத்தில் என்ன இருக்கிறது என்று அவருக்கு இன்றுவரை தெரியாது. ஆகவே அதன்மேல் மேற்கொண்டு எதுவும் செய்வதற்கு முன்னால், இந்த வாக்குமூலத்தையும் அந்த வாக்குமூலத்தையும் அவர்முன் ஒருவர் வாய்விட்டுப் படித்துக் காட்டும்படி கேட்டுக்கொள்கிறேன். வேகமாகப் படிக்க வேண்டாம். ஒருமுறை படித்தால் போதும். காதால் கேட்டதை என் அப்பா மறந்ததில்லை.

(ஒப்பம்)
லெனோரா கீப்பிங்
11.2.2014